விரல் தேய்ந்த பாலகன்

சித்தூர்க் கடைத்தெருவில் தமிழ்ப் பலகைகளை இறக்கித் தெலுங்குப் பலகைகளை ஏற்றிய வருஷங்களில், பாதிப் பலகைகளை எழுதியவர் ஒரு சீனர். பெயர் லியாங். இரண்டு மொழியும் படிக்கத் தெரியாது. எழுத்தைப் படமாகப் பார்த்து வரைவார். பிழை இருக்காது. இப்போது அவற்றில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பிளெக்ஸ்.

ஷாங்காயில் எண்ணெய் ஓவியம் படித்தவர். பாலைவனக் குகைக் கோயில்களில் ஆயிரம் வருஷத்துச் சுவரோவியங்களைப் பிரதி எடுத்தவர். யுத்தத்தில் கல்கத்தாவுக்கு வந்து, பிறகு சென்னையில் பல் கட்டும் சித்தப்பாவிடம் இருந்தபோது காசம் பிடித்தது. எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் அந்த வார்டு நர்ஸ். ஒன்றரை வருஷம் ஊசி போட்டுத் தேற்றினோம். போக இடமில்லை, இங்கேயே தங்கிவிட்டார். பேசிய தமிழும் வார்டில் கற்றதுதான்.

1959-இல் பாஸ்டர் இன்பசேகரன் கோயிலுக்குக் கிறிஸ்து பிறப்புப் படம் கேட்டார்.

"இது ஒண்ணுதான் சிஸ்டர் என் படம். மத்ததெல்லாம் கடைக்காரன் படம்" என்றார் லியாங்.

மாதாவுக்குக் குகைச்சுவர் ஓவியத்தின் முகம். வெளிச்சம் ஐரோப்பிய ஓவியர்களிடம் கற்றது: ஒரே விளக்கு, சுற்றிலும் இருட்டு.

டிசம்பரில் அவருக்குக் கடும் ஜலதோஷம். வர்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய்ப் புட்டி காலியாகிக்கொண்டிருந்தது. வேலை நிற்கக் கூடாதென்று நானே செக்கு நல்லெண்ணெய் வாங்கி அதை நிரப்பி வைத்தேன். எண்ணெய்தானே என்று நினைத்தேன். மூக்கடைப்பில் அவருக்கு வாசனை தெரியவில்லை. கடைசியாக வரைந்த குழந்தையின் கால்கள், கிறிஸ்துமஸ் வந்தும் காயவில்லை.

"இன்னா ஊத்தினீங்க சிஸ்டர்?"

சொன்னேன். நல்லெண்ணெய் காயாது என்று அன்றுதான் தெரிந்தது.

"வடை சுட்டிருக்கலாமே" என்றார். சிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் புதுப் படம் என்று பாஸ்டர் சபை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஈரத்தோடு மாட்டினோம். விடியற்கால ஆராதனை முடிந்ததும், ஞானஸ்நானம் பெற்று இரண்டே வருஷமான துலுக்காணம் நேரே போய்ப் பாலகன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னாலேயே வரிசை.

"தொடாதீங்க! படத்தைக் கும்பிடறவங்களா நாம?" என்று கத்தினார் பாஸ்டர். யார் கேட்டார்கள்?

வெளியே வெயிலில் எல்லார் இமையிலும் ரோஜா நிறம்.

"இன்னாடி மல்லிகா, கண்ணுக்குப் பவுடர் போட்டுக்கினு வந்துட்டே?"

"உன் மூஞ்சியைக் கண்ணாடில பாருடி மொதல்ல!"

உள்ளே பாலகனுக்குக் கால்விரல் ஒன்றுகூட இல்லை. லியாங் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"பரவால்ல, மறுபடி விரல் போட்டுடுங்க" என்றார் பாஸ்டர்.

லியாங் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தார்.

"வேணாம் பாஸ்டர். எங்க குகையில சாமி காலு, ஜனம் தொட்டுத் தொட்டுத் தேய ஆயிரம் வருஷம் ஆச்சு. எனக்கு ஒரே காலையில கெடைச்சிடுச்சு."

பாஸ்டர் படத்துக்கு முன்னால் கயிறு கட்டச் சொன்னார். மறுநாள் லியாங் பலகை எழுதக் கிளம்பினார், கயிற்றை அவிழ்த்துவிட்டு.