முளை அடிக்காத கோல் போஸ்ட்

விசில் என் கைக்கு வந்தது திறமையால் அல்ல, ஆள் இல்லாததால். சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். விளையாட்டு ஆசிரியர் வேலையை விட்டுப் போக, "நீங்கதான் காலேஜ்ல ஃபுட்பால் ஆடியிருக்கீங்களே" என்று பெண்கள் அணியை என் தலையில் கட்டினார்கள். கட்டியது எனக்குப் பிடித்துப்போனது. ரெஃப்ரீ தேர்வு எழுதினேன். ஓட்டத் தேர்வில் நான் ஒருத்திதான் பெண். நான் ஓடி முடிக்கும்வரை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நின்றது. தேறினேன். பிறகு கேம்ப் ரோடு பக்கத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துச் சனிக்கிழமைப் பயிற்சியும் தொடங்கினேன். கர்வம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தக் கர்வத்தோடுதான் முதல் முறை நடுவராக இறங்கினேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் ஆட்டம். ஆரம்பிக்கும் முன் ரெஃப்ரீ இரண்டு கோல் போஸ்ட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வடக்குப் பக்கத்தது அசையவில்லை. தெற்குப் பக்கத்தது, ஒரு கையால் இழுத்ததுமே என்னை நோக்கி வந்தது. தூக்கி இடம் மாற்றி வைக்கிற இரும்புப் போஸ்ட். பின்கால்களில் முளை அடிக்கவில்லை. அழுத்திப் பிடிக்க வேண்டிய மணல் மூட்டைகளைப் போன மழைக்குப் பள்ளிக்கரணைப் பக்கம் யாரோ வாசலில் தண்ணீரைத் தடுக்க எடுத்துப் போனார்களாம். திரும்பி வரவில்லை.

"இதைக் கட்டாம ஆரம்பிக்க மாட்டேன் சார்" என்றேன், போட்டி நடத்துபவரிடம்.

"பத்து வருஷமா நிக்குது மேடம், இன்னிக்கா விழப் போவுது? சீஃப் கெஸ்ட் வந்து அரை மணி நேரமாச்சு." பிறகு என் காதில் விழ வேண்டும் என்றே பக்கத்திலிருந்தவரிடம், "ஆம்பள ரெஃப்ரீ போட்டிருந்தா இந்நேரம் ஹாஃப் டைம் ஆயிருக்கும்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த கோபத்தில் விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்திருக்க வேண்டும். நான் விசிலை அடித்தேன். பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம் எனக்கு.

பந்தைப் பார்த்ததைவிட அந்தப் போஸ்ட்டைத்தான் அதிகம் பார்த்தேன். அங்கே நின்ற கீப்பர் ஒல்லியான பிள்ளை, வயதுக்கு மீறிய உயரம். பந்து எதிர்ப்பக்கம் போனால் போதும், எம்பி எம்பி மேல்கம்பியைத் தொடுவாள். ஓடிப் போய், "கம்பியைத் தொடாதம்மா" என்றேன். "சரி மிஸ்" என்று சிரித்தாள். மேகம் இறங்கி மைதானம் மங்கியது. காற்றில் வலை உப்பும்போதெல்லாம் ஆட்டத்தை விட்டு அங்கே திரும்பினேன். ஒரு ஆஃப்சைடைத் தவறவிட்டேன், பெற்றோர்கள் கத்தினார்கள். கத்தட்டும், இடைவேளை வந்தால் எதையாவது வைத்துக் கட்டிவிடலாம் என்று கடிகாரத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அவள் அணி கோல் போட்டது. சந்தோஷத்தில் எம்பிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். வெறி பிடித்தவள் போல விசில் அடித்தேன். கோலுக்கு அடிக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும்தான்.

போஸ்ட் முன்பக்கம் சாய்ந்து அவள் முழங்காலுக்குக் கீழே, காலின் மேல் விழுந்தது. இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன.

"மேடம் செக் பண்ணித்தான் விசில் அடிச்சாங்க" என்று போட்டி நடத்துபவர் எல்லோரிடமும் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் சுத்தியலும் நான்கு முளையும் இல்லாமல் நான் மைதானத்துக்குப் போவதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேட்ச்சுக்கெல்லாம் நான் அனுப்பினதே இல்ல மிஸ். இன்னிக்கு ரெஃப்ரீ லேடீஸ்னு சொன்னாங்க. அப்போ பாத்துக்குவாங்கன்னுதான் அனுப்பினேன்."