கழட்டுன போர்டு யார் கைக்குப் போகணும்?

இந்த ஊர்ல ரிப்பேருக்குப் போனக் குடுக்குற ஆளு திரும்பியே பாக்காமப் போயிருது பங்காளிகளா. லாக்க எடுத்துவிட்டு, ரெண்டு தடவ தேங்க்ஸ் சொல்லிட்டு, எதுத்த கடைக்குக் காப்பி குடிக்கப் போயிருவாங்க. அயர்லாந்துல ஒரு சின்ன டவுனு, பெரிய போன் கம்பெனி ஒண்ணோட சர்வீஸ் சென்டரு, அங்கதான் எனக்கு வேலை. மொத வாரம் கையே ஓடல. முன்னாடி ஒரு ஆளு நின்னு மொறச்சுப் பாக்கலேன்னா எப்படிடா ஸ்க்ரூவக் கழட்டுறதுன்னு இருந்துச்சு.

நான் தொழில் பழகுனது திண்டுக்கல் நாகல் நகர்ல, சகாயம் கடையில. சகாயம் என் காலேஜ் கூட்டாளி. எங்க ஊரு அகரத்துல இருந்து பஸ் ஏறி கிளாசுக்குப் போயிட்டு, சாயங்காலம் அவன் கடையில ஒக்காந்து போன் பிரிப்பேன். அங்க கஸ்டமரு கண்ணாடில மூக்கு இடிக்க நிப்பாரு. "தம்பி, அது என் போன்ல இருந்ததுதான? மாத்திராத." டீ வாங்கிக் குடுத்தாலும் நகர மாட்டாரு. அதனால கடையில ஒரு வழக்கம். கழட்டுன பார்ட்டு ஒடஞ்சதோ வெந்ததோ, சின்ன கவர்ல போட்டு ரப்பர் பேண்டு சுத்தி கஸ்டமர் கையில குடுத்துரணும். வீட்டுக்குக் கொண்டுபோயி அத என்ன சோத்துக்கு வெஞ்சனமாவா வைக்கப் போறாங்க? குப்பதான். ஆனா குடுக்கலேன்னு வையி, ஒரிஜினல உருவிட்டான்னு ஏரியா பூரா பேசிருவாங்க. இங்க அயர்லாந்துல எல்லாரும் நம்புறாங்க. அதனால யாருக்கும் எதையும் காமிக்க வேண்டியதில்ல. அது நல்லதுன்னுதான் நானும் நெனச்சேன்.

அப்பத்தான் மோரீன்னு ஒரு அம்மா வந்தாங்க. அறுபது வயசு இருக்கும், நகத்துல தோட்டத்து மண்ணு. போன் உசுரே இல்லாம கெடந்துச்சு. மகன் ஆஸ்திரேலியாவுல இருக்கான், போன கோடையில பேத்தி வந்துட்டுப் போனப்ப எடுத்த வீடியோ அம்புட்டும் இதுலதான், வேற எங்கயும் எடுத்து வைக்கலன்னாங்க. சார்ஜ் போடுற ஓட்டையில பஞ்சாட்டம் அழுக்கு அடஞ்சு கெடந்தத நான் பாத்தேன். பாக்கலன்னு சொல்ல ஆசதான். ஊர்லன்னா ஊசிய விட்டு நோண்டி, செத்த நேரம் சார்ஜ் போட்டுப் பாத்திருப்போம். இங்க அது கூடாது. ஆன் ஆகலையா, சோதிக்கிற மெசின்ல மாட்டு. மெசின் "போர்டு மாத்து"ன்னு சொல்லும். மாத்து, அம்புட்டுத்தான். தலைக்கு மேல கேமரா வேற. நான் நோண்டல. புது போர்டு மாட்டுனேன். வீடியோ எல்லாம் பழைய போர்டுலதான் இருக்கும். "பழைய போர்டு செத்துருச்சு, டேட்டா எடுக்க முடியாது"ன்னு கம்பெனி எழுதி வச்ச வரிய அவங்க மூஞ்சியப் பாக்காமலே படிச்சேன். அந்தம்மா சண்டைகூடப் போடல. என்கிட்ட சாரி கேக்குறாங்க!

கழட்டுன போர்டு கம்பெனிக்குத்தான் திரும்பிப் போகணும், அது ரூலு. ஆனா என் கை அத கவர்ல போட்டு, ரப்பர் பேண்டு சுத்தி, அவங்க கையில வச்சிருச்சு. சத்தியமா யோசிச்சுச் செய்யல.

ஒரு வாரம் கழிச்சு சென்டர் வாசல்ல அந்தம்மா என்னயப் பிடிச்சுட்டாங்க. சின்னக் கடை வச்சிருக்குற யாரோ ஒரு ரிப்பேர்க்காரன் அந்தப் போர்ட அதே மாடல் பழைய போன்ல மாட்டியிருக்கான், உசுரோட எந்திரிச்சிருக்கு. பேத்தி வீடியோ பூரா அப்படியே இருக்காம். கம்பெனி மேல புகார் குடுத்துட்டாங்களாம். குரலக் கொறச்சு, "நீ வேணும்னேதான குடுத்த? உள்ள வச்சு உன்னால வாயத் தெறக்க முடியல. எனக்கு அப்பவே புரிஞ்சுச்சு"ன்னு கண்ணடிக்கிறாங்க. "இல்ல, எங்க ஊர்ல எல்லாருக்குமே குடுப்போம்"னேன். "என்ன ஒரு தன்னடக்கம்!"னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. இந்த நாட்டுக்கு வந்ததுல இருந்து என் கையப் பிடிச்ச மொத ஆளு அவங்கதான். அதுவும் நான் இல்லாத எவனோ ஒரு தைரியசாலிக்குக் குடுத்த கை.

மறுநாள் மேனேஜர் பிரெண்டன் ரூமுக்குக் கூப்ட்டாரு. மேசையில ஒரு பேப்பரு, நானே சொல்ற மாதிரி அவங்க எழுதி வச்சது. சார்ஜ் ஓட்டைய நான் பாத்தேன், அழுக்கே இல்ல, கழட்டுறப்ப போர்டு செத்துத்தான் இருந்துச்சு, இதான் அதுல இருந்தது. கையெழுத்துப் போட்டா புகாரு அதோட முடிஞ்சிரும், என் வொர்க் பெர்மிட் ஃபைலும் நகரும். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்"னாரு. சிரிச்ச மொகம் மாறவே இல்ல.

மத்தியான பிரேக்ல சகாயத்துக்குப் போன் போட்டேன்.

"ஏலே, அத என்னத்துக்குடா குடுத்துத் தொலச்ச?"

"கைப்பழக்கம்டா."

"அப்படியே எழுதிக் குடு. வெள்ளக்காரன் மண்டையப் பிச்சுக்கட்டும்."

"வெளையாடாதடா. கையெழுத்துப் போடாட்டி ஊருக்கு டிக்கெட்டுதான்."

"போட்டா?"

"அந்தம்மா பொய்க்காரியாயிரும்."

அவன் பின்னாடி யாரோ, "அண்ணே, அது என் டிஸ்ப்ளேதான?"ன்னு கேட்டது எனக்குக் கேட்டுச்சு.

"நீ மட்டும் என்ன யோக்கியமாடா? டூப்ளிகேட் பேட்டரிய ஒரிஜினல்னு தள்ளுறவன்தான"ன்னு நானே எரிஞ்சு விழுந்தேன்.

"ஆமாடா, தள்ளுவேன். பேட்டரி போனா வேற வாங்கிக்கலாம். உசுரோட இருக்கிறத செத்துருச்சுன்னு நான் எவன்கிட்டயும் சொன்னதில்ல. வையி, கஸ்டமர் நிக்கிறாரு."

பேப்பர்ல இருந்தத அடிச்சுட்டு, கீழ நானே எழுதுனேன். அழுக்கப் பாத்தேன். சுத்தம் பண்ணல. பண்ணக் கூடாதுன்னு ரூலு. பிரெண்டன் படிச்சுட்டு "நேர்மையா எழுதுனதுக்கு நன்றி"ன்னாரு. வெள்ளிக்கெழம மெயில் வந்துச்சு, ப்ரொபேஷனுக்கு அப்புறம் என்னய வச்சுக்கலையாம். பெர்மிட்டும் அதோட போச்சு. கூட வேலை பாத்த பயலுக கேக் வெட்டி, கார்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. ஊர்லன்னா ஒரு சண்டையாச்சும் நடந்திருக்கும். யாரு எந்தப் பக்கம்னாச்சும் தெரிஞ்சிருக்கும்.

திங்கக்கெழம பதினோரு மணிக்கு சும்மா பஸ் ஸ்டாப்ல நின்னேன். திண்டுக்கல்ல வேலை நாள்ல இப்படி நின்னா, "என்னப்பு, வேலைக்குப் போகலயா?"ன்னு நாலு பேராச்சும் கேட்டிருப்பாங்க. இங்க மழையில நனஞ்சாகூட ஒருத்தரும் கேக்கல. அம்மா கூப்ட்டுச்சு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல இருந்து.

"ஏப்பா, வேலையா இருக்கியா? வச்சிரவா?"

"பரவால்லம்மா, பிரேக்குதான். சொல்லு."

"சாப்டியா?"

"ம்."

அதுக்குள்ள அந்தப் பக்கம் கண்டக்டர் கத்துறது கேட்டுச்சு. "தாடிக்கொம்பு, அகரம்! ஏறு, ஏறு!" அதே நேரம் எனக்கு முன்னாடி ஒரு பஸ்ஸு சத்தமே இல்லாம வந்து நின்னுச்சு. "இருப்பா, சீட்டு பிடிச்சிட்டுக் கூப்புடுறேன்"னு அம்மா வச்சிருச்சு. நான் போனக் காதுல இருந்து எடுக்கல. டிரைவரு கதவத் தெறந்து வச்சு, நான் ஏறுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு.