துளசிராமன் மாடியில் வைத்த கண்ணாடி

துளசிராமனைப் போல ஒரு பிடிவாதக்காரரோடு ஒரே மேசையில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவள் நான். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கொஞ்சம் கோபமும் உண்டு.

பொன்னேரிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம் அவருடையது. நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவர் கும்மிடிப்பூண்டியில் எங்கள் சோலார் கம்பெனிக்கு வந்து பெரோவ்ஸ்கைட்டைப் பிடித்துக்கொண்டார். மை பூசுவது போலக் கண்ணாடியில் பூசினால் வெயிலில் மின்சாரம் தரும் பொருள் அது. வழக்கமான சோலார் பலகையில் இருக்கும் சிலிக்கானுக்கு ஆகிற செலவு இதற்கு ஆகாது. ஆனால் சரியான தொட்டாற்சிணுங்கி. ஈரக்காற்று பட்டால் கறுப்புப் பூச்சு மஞ்சளாகிச் செத்துப்போகும். எங்கள் ஊர்க் காற்றோ பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்து உப்பும் ஈரமுமாக வருவது.

பூச்சைக் கலையாமல் பிடித்து வைக்கும் ஒரு புதுக் கலவைக்காக அவர் அலையாய் அலைந்தார். கலப்பார், பூசுவார், தூக்கி எறிவார். கல்யாண வயசு தாண்டிப் போனதுகூட அவருக்குத் தெரியாது என்று கேலி செய்வோம். கடைசியில் ஒரு கலவை நின்றது. அதைப் பூசி மாடியில் வைத்த கண்ணாடிப் பலகை ஐப்பசி மழையைத் தாங்கியது, கத்திரி வெயிலையும் தாங்கியது. அடுத்த தீபாவளி வரை தாக்குப்பிடித்தால் பெரிய அளவில் செய்யலாம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். துளசிராமன் மனம் விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அதற்கு முன்னால் ஆயுதபூஜை வந்தது. மாடி பெருக்கும் சந்திரகலா அக்கா எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, துளசி சாருடைய கண்ணாடிப் பலகையை மட்டும் விட மனசில்லாமல் சந்தனத்தைக் குழைத்தார். மூன்று விரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். பூஜைப் பொட்டை யார் துடைப்பார்கள்? விடுமுறை முடிந்து நாங்கள் வந்தபோது சந்தனத்துக்கு அடியில் பூச்சு மஞ்சளாகிக் கிடந்தது. மின்சாரம் பாதிக்குமேல் போய்விட்டது.

நிழல் செய்த வேலை. பலகைக்குள் செல்கள் நீளநீளமாக வரிசையில் கோத்திருக்கும். ஆட்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றும்போது ஒருவர் கை ஓய்ந்தால் கல்லெல்லாம் அவர் மேல்தான் விழும். நிழல் விழுந்த செல்லுக்கும் அதே கதி; மற்ற செல்களின் மின்சாரமெல்லாம் அதன் மேல் பாய்ந்து பூச்சைக் கெடுத்துவிடும்.

மேலாளர் பரசுராமன் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "துளசி, இது மெட்டீரியல் தப்பு இல்ல. அந்தம்மா பண்ணது. அப்படியே எழுதிக் குடுங்க. அவங்கள நிறுத்திடலாம். வேற பலகை வெச்சு டெஸ்ட்ட முடிச்சுக்கலாம்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. துளசிராமன் தலையை ஆட்டி மறுத்தார்.

"ஊட்டு மேல வெக்கிற பொருள் சார் இது. நாளைக்கு காக்கா எச்சம் போடும், தென்ன ஓல சாயும். காக்காவையும் வேலைய உட்டு நிறுத்துவீங்களா?"

"அப்ப ப்ராஜெக்ட் நின்னுடும்."

"நிக்கட்டும் சார். ஈரத்த ஜெயிச்சேன், நெழல்ல தோத்துட்டேன். அதத்தான் எழுதுவேன்."

நின்றுதான் போனது. அவரைச் சாதாரண சிலிக்கான் பலகை சோதிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். படிக்கட்டில் வைத்து அவரைத் திட்டித் தீர்த்தேன், பிழைக்கத் தெரியாத மனுஷர் என்று. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

பலகையைக் கழற்ற மாடிக்குப் போனோம். சந்திரகலா அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"இன்னா சார், கயட்டிக்கினு போறீங்க? நல்லாத்தான இருந்துச்சு?"

"கெட்டுப்போச்சும்மா."

"அடப்பாவமே! பூஜ போட்டும் இப்டி ஆயிடுச்சே. எவன் செஞ்சானோ, சரியா செய்யல போலக்குது சார்."

நான் வாயைத் திறந்தேன். துளசிராமன் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஆமாம்மா," என்றார். "நாந்தான் செஞ்சேன். சரியா செய்யல."