திரிசலா டீச்சர் வீடு மாற்றிக்கொண்டது

மாகறலில் நிலபுலன் உள்ள சமணக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்தவள் திரிசலா. நகராட்சிப் பள்ளியில் டீச்சர். கணவர் சுமதிநாதன் அரிசி மண்டி வைத்திருந்தார். 1967இல் வண்டியிலிருந்து சரிந்த மூட்டைகள் அவர் இடுப்பில் விழுந்தன. உயிர் தப்பியது, கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின.

அவர்கள் வீட்டுக்கு முன்வாசலில் ஐந்து படி, முற்றத்துக்கு ஒரு படி, கொல்லைக்கு இறங்க மூன்று படி. காலையில் இரண்டு பேர் வந்து தூக்கினால்தான் அவர் கொல்லைப் பக்கம் போக முடியும். யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதைக் கவனித்த நாளில்தான் வீட்டை விற்றுவிட வேண்டும் என்று திரிசலா தீர்மானித்தாள்.

விற்றபின் புது வீடு அமையும்வரை எங்கே இருப்பது? படியில்லாத வாடகை வீடு எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பூவராகவன் என்ற கன்ட்ராக்டர் வாசலில் ஒரே ஒரு படியோடு வரிசையாக ஆறு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் அதில் ஒன்றைக் கேட்டாள்.

அவர் வந்து, தெருவில் நின்றபடியே மனையைப் பார்த்தார். "பழைய ஊட்ட நானே எடுத்துக்கறேம்மா. புதுசு முடிஞ்சதும் சாவிய மாத்திக்கலாம். அதுவரிக்கும் இங்கியே இருங்க," என்றார். விலை வித்தியாசத்துக்கு அவள் வளையல்கள் போதுமாயிருந்தன.

பத்திரம் எழுதுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பின்சுவர் பாதி சரிந்துவிட்டது.

"பேசாம இருங்க டீச்சர். கீத்து வச்சு மறைச்சுடலாம். பத்திரம் ஆவட்டும்," என்றார் பக்கத்து வீட்டு முனிசாமி.

மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கன்ட்ராக்டரைத் தேடிப் போனாள்.

"சுவர் இடிஞ்சிடுச்சுங்க. வந்து பாத்துட்டு, வேணாம்னா சொல்லிடுங்க."

பூவராகவன் குடையோடு உடனே கிளம்பி வந்தார். கொல்லையில் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், கூடத்தில் படுத்திருந்த சுமதிநாதனைக் கண்டு நின்றார். அவர் நிலையைத் திரிசலா அதுவரை சொன்னதேயில்லை. சொன்னால் இரக்கத்தைக் காட்டி விலை பேசுவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்திருந்தாள்.

"எவ்ளோ நாளா இப்படி?" என்று கட்டிலருகே உட்கார்ந்தார்.

"நாலு வருஷமாச்சு," என்றார் சுமதிநாதன்.

"சக்கர நாற்காலி இல்லையா?"

"இருக்குது. இந்த ஊட்ல எங்க ஓட்டறது?"

மூலையில் தூசி படிந்து கிடந்த நாற்காலியைப் பூவராகவன் இழுத்து வைத்து அகலம் அளந்தார். சுவரைப் பற்றித் திரிசலா மறுபடி ஆரம்பித்தபோது, "சுவரு கட்டறது எனக்குத் தொழிலு. அத்த வுடுங்கம்மா," என்றார்.

தை மாதம் சாவி மாறியது. புது வீட்டு வாசலில் படிக்குப் பதில் சரிவு. கதவுகள் மற்ற ஐந்து வீட்டுக் கதவுகளைவிட அகலம். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். இதற்கெல்லாம் என்ன தரவேண்டும் என்று கேட்டதற்கு, "நீங்க வந்து சொல்லலன்னா நான் உள்ளயே வந்திருக்க மாட்டேனே, டீச்சர்," என்றுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்த வருஷத்திலிருந்து மகாவீரர் ஜெயந்தி பலகாரம் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போயிற்று.

குடிவந்த மறுவாரம் சுமதிநாதன் தனியாகவே நாற்காலியை உருட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். பேரம் பேசி ஒரு பை வெண்டைக்காய் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் முற்றல். திரிசலா பொறுக்கிப் பொறுக்கி நறுக்கிக் குழம்பு வைத்தாள்.