வெறும் எண்ணெய் குடித்த எலிகள்

பிளாஸ்டிக்கை மெதுமையாக்கச் சேர்க்கும் மருந்து ஆண் எலிகளின் விந்தணுவையும் மரபணுவையும் என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சி. பாதி எலிகளுக்கு அந்த மருந்தை எண்ணெயில் கலந்து கொடுப்பேன், மற்றப் பாதிக்கு வெறும் எண்ணெய். பிறகு பெண் எலிகளோடு சேர்த்துவிட்டுக் குட்டிகளை எண்ண வேண்டும். மருந்து குடித்தவற்றுக்குக் குட்டி குறைய வேண்டும், வெறும் எண்ணெய் குடித்தவற்றுக்குக் குறையக் கூடாது. அந்த வித்தியாசம்தான் என் பட்டம். எங்கள் வீடு சுத்த சைவம். "உந்த எலியளைக் கொல்லுற பாவம் ஆருக்கு?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் எரிந்து விழுவேன். படித்த திமிர் எனக்கு அப்போது கொஞ்சநஞ்சமல்ல.

எலிகளைப் பராமரித்தவர் குருநகர்க்காரர், கத்தோலிக்கர். என்னைவிட நன்றாக மூத்தவர், அண்ணை என்று கூப்பிடுவேன். பல வருடங்களாக நாட்கூலி. அந்த முறை நிரந்தர நியமனத்துக்கு அவருடைய பெயரை அனுப்பியிருந்தார்கள். நியமனம் கிடைத்தால் மனிசிக்கு இனி இறால் கொம்பனிக்குப் போக வேண்டியதில்லை என்று என்னிடம் இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறார்.

சாமான் தட்டுப்பாட்டுக் காலம் அது. இந்தச் சோதனைக்கு வழக்கமாக எடுக்கும், கண்ணாடிப் போத்தலில் வரும் சோள எண்ணெய் எங்கும் இல்லை. நான் செக்கு நல்லெண்ணெய் வாங்கி ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் ஊற்றி, சுவர் ராக்கைத் தட்டில் உயர்த்தி வைத்தேன். ஒவ்வொரு தரமும் தூக்கிச் சரிக்கப் பஞ்சியாக இருந்தது. யாழ்ப்பாணம் டவுணில் ஒரு இரும்புக் கடையில் தெளிந்த நிறத்தில் மெதுமையான குழாய் வாங்கிச் சாடியில் பொருத்தி, நுனியில் கிளிப் போட்டேன். கிளிப்பைத் தளர்த்தினால் எண்ணெய் தானாக இறங்கும். இரவு பகலாக அது அந்தக் குழாயிலேயே நிற்கும். என்ன கெட்டித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

குட்டி போடும் நாட்கள் வந்தன. ஒரு காலையில் அண்ணை வாசலில் நின்றார்.

"தங்கச்சி, ஒருக்கா வந்து பாருங்கோ. வெறும் எண்ணெய் குடிச்ச பக்கத்திலையும் குட்டியள் குறைவு. ரண்டு மூண்டு செத்தும் கிடக்கு."

"உங்களுக்கு உது விளங்காது அண்ணை. நீங்கள் கூட்டைக் கழுவுங்கோ."

எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

என் பேராசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். என் பிழையாக இருக்கலாம் என்று நினைக்கக்கூட நான் தயாராக இல்லை. "கழுவேக்கை, மருந்து, வெறும் எண்ணெய் எண்டு எழுதிக் கூட்டிலை கொழுவின அட்டையள் மாறிப் போயிருக்கும் போலை, சேர்" என்றேன்.

"நான் மாத்தேல்லை, சேர்" என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்தார். நான் குறிப்புக் கொப்பியைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் சாடியைக் கழுவக் குழாயைக் கழற்றினேன். வாங்கியபோது விரலில் சுற்றலாம் போலிருந்த குழாய், காய்ந்த குச்சி மாதிரி விறைத்திருந்தது. குழாயை மெதுமையாக வைத்திருந்தது நான் ஆராய்ந்த அதே வகை மருந்து. அது முழுவதும் என் எண்ணெயில் இறங்கிவிட்டது. வெறும் எண்ணெய் என்று நான் ஊட்டியது வெறும் எண்ணெய் அல்ல. இதைப் பற்றியே படிப்பவளுக்கு இது தெரியாமல் போனது எவ்வளவு பெரிய வெட்கக்கேடு.

பேராசிரியரின் அறை பத்தடி தூரம். கதவும் திறந்துதான் கிடந்தது. நான் போகவில்லை. குழாயை வெட்டிக் குப்பையில் போட்டேன், மிஞ்சிய எண்ணெயையும் ஊற்றிவிட்டேன். ஒரு துளியைச் சோதித்திருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். அதற்குப் பயந்துதான் ஊற்றினேன்.

நியமனப் பட்டியலில் அண்ணையின் பெயர் வரவில்லை. கவனயீனம் என்று எழுதியிருந்தார்களாம். அவர் வேலையை விட்டுவிட்டார். நான் புது எலிகள் எடுத்து, கண்ணாடிக் குழாயோடு மறுபடி செய்து, பட்டம் வாங்கினேன். அம்மா அயலுக்கெல்லாம் லட்டு கொடுத்தா.

போன மாதம் அக்காவின் மகளை நல்லூரில் ஒரு டியூசன் சென்ரரில் விடப் போனேன். வாசலில் காவலுக்கு இருந்தவர் எழும்பினார். அண்ணை. நன்றாக மெலிந்திருந்தார். திரும்பி ஓடலாமா என்றிருந்தது. அவர் தானே கிட்ட வந்தார்.

"தங்கச்சி, உங்களை ஒருநாள் காண வேணுமெண்டு இருந்தனான். அந்த எலி விசயம். நான் பிறகு யோசிச்சுப் பாத்தனான். படிச்ச பிள்ளை சும்மா சொல்லாது. அட்டையளை நான்தான் மாத்திப் போட்டிருக்கிறன். பாவசங்கீர்த்தனத்திலை சாமியாரிட்டையும் சொல்லிப்போட்டன். உங்களிட்டைக் கேக்கிறதுதான் மிச்சம். உங்கடை படிப்பைக் குழப்பினதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பிள்ளை என் கையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லை அண்ணை," என்றேன். "நான் அதை எப்பவோ மறந்திட்டன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்கள் நல்லா இருப்பியள்" என்று சொல்லிவிட்டு, பிள்ளை உள்ளே போகக் கேற்றைத் திறந்துவிட்டார்.