பின்னுக்குப் போகாத உருத்திரமூர்த்தி

பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழர்களில் கார் வைத்திருந்தவர்கள் பலர். கியர்பெட்டிக்காகவே வாழ்ந்தவர் உருத்திரமூர்த்தி ஒருவர்தான்.

1991 ஆவணியில் அவர் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய ஓட்டோமற்றிக் கார் வாங்கினார். விற்ற ஞானேந்திரன் சாவியை நீட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணை, கார் எண்டால் கியர்பொக்ஸ்தான். அது போச்செண்டால் காரை வித்தாலும் திருத்தக் காணாது. அதுக்கு எமன் றிவேர்ஸ். வெளிக்கிடேக்கை பின்னுக்குப் போறது சகுனத்துக்கும் கூடாது, கியர்பொக்ஸுக்கும் கூடாது. றிவேர்ஸை மட்டும் தொட்டிடாதேங்கோ."

அந்தக் காரின் றிவேர்ஸ் செத்து அப்போதே எட்டு மாதம். இதை உருத்திரமூர்த்தியிடம் சொல்ல ஞானேந்திரனுக்கு நேரம் வாய்க்கவில்லை. அடுத்த மாதமே ரொறன்ரோவுக்குக் குடிபோய்விட்டார்.

வெளிக்கிட்ட காலைப் பின்னுக்கு வைக்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்த மனிதருக்கு, அதையே கார்ச் சாத்திரமும் ஒத்துக்கொள்கிறது என்பதில் அளவில்லாத பெருமை. அன்றிலிருந்து அவர் கியர்பெட்டியின் அடியார் ஆனார். ஞாயிறு தோறும் குளித்துவிட்டு, காரைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டபடியே கியர் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவுவார். பழைய வேட்டித் துண்டால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து மணந்து பார்ப்பார்.

"சிவப்பு. எரிஞ்ச மணம் இல்லை" என்று தெருவுக்கு அறிவிப்பார். தெரு நிம்மதியடையும்.

கல்யாண வீடு, செத்த வீடு என்று பேதம் பாராமல் உபதேசம் செய்தார். கார் முழுதாக நிற்கமுன் கியரை மாற்றாதே. பனிக்குளிரில் ஏறியவுடன் மிதிக்காதே. எண்ணெயையும் வடிகட்டியையும் காலத்துக்கு மாற்று. எல்லாம் நல்ல புத்திதான். அந்தக் கார் முன்னுக்கு ஓடிய அழகுக்கு அதுவே சாட்சி.

பின்னுக்குத்தான் பிரச்சினை. ஜான்-டலோன் சந்தையில் ஒருநாள் அவருடைய காருக்கு முன்னால் யாரோ வானை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். பின்னால் தாராளமாக இடம் இருந்தது. உருத்திரமூர்த்தி அசையவில்லை. அவருடைய மனைவி புஷ்பவதி கத்தரிக்காயோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போய், சமைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிவிட்டார். வான்காரன் அதற்குப் பிறகுதான் வந்தான். ரொக்ஸ்பரோவில் இரவிச்சந்திரன் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனபோது, திரும்பும் வழியில் பூப்பாத்தியைக் குறுக்கே கடந்துதான் தெருவுக்கு ஏறினார். இரவிச்சந்திரன் அதற்குப் பிறகு பிறந்தநாளே கொண்டாடவில்லை.

தவிர்க்கவே முடியாத இடங்களில் காரை நியூட்ரலில் போட்டுக் கையால் தள்ளுவது வழக்கம். உருத்திரமூர்த்திக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு வளையாது. ஆகவே தள்ளுவது புஷ்பவதி. ஓட்டுநர் கதவுப் பக்கம் வெளியே நின்று, ஒரு தோளைக் கதவு நிலையில் கொடுத்து, ஒரு கையை யன்னலுக்குள்ளால் விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தள்ளுவார். உருத்திரமூர்த்தி பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று காரோடு கதைப்பார். இப்படி நாலு வருடம்.

புஷ்பவதிக்குத் தையல் தொழிற்சாலையில் நின்று நின்று முழங்கால் போய்விட்டது. 1995 ஐப்பசியில் லவாலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை அகப்பட்டது. விடிய ஐந்தரைக்கு நிற்கவேண்டும். அந்த நேரத்துக்கு அங்கே பஸ்ஸும் இல்லை, மெற்றோவும் இல்லை. வேலை தொடங்குவது திங்கட்கிழமை, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை லைசென்ஸ் சோதனை. தவறினால் வேலை வேறு ஆளுக்கு.

ஒரு வருடமாக ஓட்டப் பழக்கியவர் உருத்திரமூர்த்தி. என்னென்ன பழக்கினார், எதைப் பழக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

சோதனை முற்றத்தில், தன் மாணவியோடு காத்திருந்த ஓட்டுநர் ஆசிரியர் சிவநேசம் சும்மா கேட்டார். "அக்காவுக்கு றிவேர்ஸ் பார்க்கிங் வருமோ, அண்ணை?"

"அது என்னத்துக்கு?"

"முதல் அதைத்தானே கேப்பினம்."

உருத்திரமூர்த்தி மனைவியிடம் ஓடினார். "இஞ்சரப்பா, றிவேர்ஸ் கேட்டால் ஏலாதெண்டு சொல்லும்."

"சொன்னால் லைசென்ஸ் தருவினமோ?"

"கியர்பொக்ஸ் போகுமப்பா!"

"என்ரை முழங்கால் போட்டுது. அதுக்கு நீங்கள் ஒருநாளும் எண்ணெய் பாக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் புஷ்பவதி காரில் ஏறினார்.

பரிசோதகர் சுவருக்கு எதிர்ப்பக்கம் இரண்டு கூம்புகளைக் காட்டி, அவற்றுக்கு நடுவில் பின்னுக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். புஷ்பவதி முன்னுக்குப் போய்க் காரின் மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்தி, றிவேர்ஸில் போட்டார். உருத்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். இஞ்சின் கத்தியது. கார் அசையவில்லை. மறுபடியும் கத்தியது. பரிசோதகர் இறங்கி, இந்த வாகனத்துக்குப் பின்கியரே இல்லை, பதினைந்து நிமிடத்தில் வேறு கார் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த தவணைக்கு ஆறு கிழமை என்றார்.

"பாத்தீரே!" உருத்திரமூர்த்தியின் குரலில் துக்கமும் வெற்றியும் சரிபாதி. "நாலு வரியமாய்ப் பொத்திப் பொத்தி வைச்சனான். ஒரேயொருக்காத்தான் போட்டீர், போச்சுது!"

புஷ்பவதி அவரைத் தாண்டிப் போய்ச் சிவநேசத்தின் முன் நின்றார். "தம்பி, உம்மடை காரை ஒருக்காத் தாரும்."

"ஓம் அக்கா, கொண்டுபோங்கோ. றிவேர்ஸ் எடுத்துப் பழக்கமோ?"

"நாலு வரியம்."

"எந்தக் காரிலை?"

"உந்தச் சாம்பல் காரிலைதான். வெளியிலை நிண்டு."

சிவநேசத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாவியைக் கொடுத்தார்.

அந்தக் காரில் றிவேர்ஸைப் போட்டதும் புஷ்பவதி பழக்கதோஷத்தில் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார். "மதாம்?" என்றார் பரிசோதகர். திரும்ப உட்கார்ந்தார். பிறகு கார் தானாகவே பின்னுக்குப் போனது. புஷ்பவதியின் முகத்தில் அப்படியொரு ஆச்சரியம். எந்த அளவுக்குத் திருப்பினால் வால் எங்கே போகும் என்பது அவருடைய தோளுக்கே தெரியும். இரண்டு கூம்புக்கும் நடுவில், ஒரு சாண் பிசகாமல் கொண்டுபோய் நிறுத்தினார். தெருவில் ஓடியதிலும் பிழை இல்லை.

பாஸ் தாளோடு அவர் திரும்பி வந்தபோது, உருத்திரமூர்த்தி சிவநேசத்தின் மாணவிக்கு, ஒரே தடவையில் ஒரு கியர்பெட்டி எப்படிச் சாகும் என்பதை விளக்கிக்கொண்டிருந்தார்.

"பாஸ்" என்றார் புஷ்பவதி.

"நல்லது. லவாலிலை பார்க்கிங் எப்பிடி? நேரை வெளியிலை வரலாமோ?"

"இல்லை. முன்னுக்குச் சுவர்."

"அப்ப?"

"ஒண்டில் றிவேர்ஸ் உள்ள கார் ஒண்டு வாங்கோணும். இல்லையெண்டால் விடிய நாலரைக்கு நீங்களும் என்னோடை வாறியள்."

"எனக்கு நாரி..."

"அது பேந்து பாப்பம். முதல் இந்தக் காரைச் சுவரிலையிருந்து எடுப்பம்." புஷ்பவதி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். "முன்னுக்குப் போய்த் தள்ளுங்கோ."

சிவநேசம் பார்த்தார், மாணவி பார்த்தார், பரிசோதகரும் பார்த்தார். உருத்திரமூர்த்தி ஜக்கெற்றைக் கழற்றி மடித்துக் கூரையில் வைத்தார். சுவருக்கும் காருக்கும் நடுவில் நுழைந்து, இரண்டு கையையும் பொனற்றில் ஊன்றினார். தள்ள முன் ஒருகணம் நிதானித்து, கண்ணாடிக்கூடாக மனைவியைக் கவலையோடு பார்த்தார்.

"நியூட்ரலிலைதானே போட்டிருக்கிறீர்?"