ஊசியக்காவின் அஞ்சு வருஷம்

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கு ஊசியக்கா என்று பேர். தையலுக்காக வைத்த பேர் அல்ல. சாப்பாட்டு நேரம் வந்ததும் வெட்டுமேசைக்குப் பின்னால் திரும்பி நின்று வயிற்றில் இன்சுலின் குத்திக்கொள்வாளே, அதற்காக. பால்பல் விழுகிற வயதில் பிடித்த சர்க்கரை. வயதானவர்களுக்கு வருவது வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "சின்னதுல மிட்டாயா தின்னு தீர்த்திருப்பே" என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்கிறாள். நரம்பில்லாத நாக்கு, எப்படியும் புரளும்.

முதல் ஊசி போட்ட டாக்டர் கன்னத்தைத் தட்டி, "அஞ்சு வருஷம் பொறுத்துக்கோம்மா, மருந்து கண்டுபிடிச்சுடுவாங்க" என்றார். நம்பினாள். பள்ளி முடிந்தது, கல்யாணம் ஆனது, சர்க்கரை கண்ணைத் தொட்டு லேசர் வைத்தார்கள்; அந்த அஞ்சு வருஷம் மட்டும் தள்ளித் தள்ளியே போனது. ஆராய்ச்சியில் எலிக்குச் சர்க்கரை குணமாகிவிட்டது என்று பேப்பரில் வந்தால் புருஷன் வாசித்துக் காட்டுவான். "எலியாப் பொறந்திருக்கலாம்" என்பாள். சொல்லிவிட்டு, அதைக் கிழித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைப்பாள். பாழாய்ப்போன ஆசை!

பிள்ளை உண்டானபோது அவள் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். எனக்கு வந்தது வந்துவிட்டது, இதற்கு வரக்கூடாது.

இந்தக் கோடையில் மகள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். படுக்கையை நனைத்தாள். பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊசியக்கா பிடித்துத் தைத்தாள், மறுபடி பிடித்துத் தைத்தாள். "வெயில்தான்" என்றாள். சர்க்கரை பார்க்கும் கருவி கைப்பையிலேயே இருக்கிறது. கடையில் யாருக்குத் தலை சுற்றினாலும் விரலைப் பிடித்துக் குத்திப் பார்ப்பவள், பெற்ற பிள்ளையின் விரலைத் தொடவில்லை. குத்தினால் தெரிந்துவிடுமே!

பிள்ளை வகுப்பில் மயங்கி விழுந்த பிறகு ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்தார்கள். "வீட்ல நீங்களே ஊசி போடறவங்க, இவ்வளவு தூரம் விட்டிருக்கீங்களே?" என்று நர்ஸ் கேட்டாள். புருஷன் ஊசியக்காவைப் பார்த்தான், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த அன்று காலையில், புருஷன் எடுத்த ஊசியை அவள் கையில் வாங்கினாள். "குடுங்க, நான் போட்டா வலிக்காது."

பிள்ளை வயிற்றை எக்கிக்கொண்டு கேட்டது: "அம்மா, இது எப்பம்மா சரியாகும்?"

அந்த டாக்டரை அவள் எத்தனையோ முறை மனதுக்குள் சபித்திருக்கிறாள். மற்றக் கையால் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள்.

"அஞ்சே வருஷம்தான் கண்ணு" என்று சொல்லிக் குத்தினாள்.